சேற்றில் போன பூட்ஸும் முதல் கஹவாயும்

எங்கள் மருத்துவமனையில் ஒரு வருடம், குழந்தைகள் வார்டுக்குப் பொம்மைகள் வாங்குவதற்காகக் குலுக்கல் சீட்டு விற்றார்கள். முதல் பரிசு ஒரு தூண்டில். இரண்டாம் பரிசு, சாக்லேட்டும் சீஸும் பிஸ்கட்டும் அடைத்துவைத்த பெரிய கூடை. கூடைக்கு ஆசைப்பட்டுத்தான் நான் சீட்டு வாங்கினேன். தூண்டில் விழுந்தது. கூடை, ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் பிரிவு டாக்டருக்குப் போனது.

நான் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஈரோட்டில் படித்து, சென்னையில் வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு விசா கிடைத்து ஆக்லாந்துக்கு வந்தவள். தெற்கு ஆக்லாந்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் காலை, மாலை, இரவு என்று மாறி மாறி வேலை. என்னோடு அதே பிரிவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். சீட்டுக் குலுக்கிய அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் பக்கத்தில் வந்தார்.

"என்ன பிள்ளை, பரிசு விழுந்த ஆள் மாதிரியே இல்லையே நீர்?"

"எங்க வீடு சுத்த சைவம் அக்கா. இத வச்சு நான் என்ன பண்றது?"

"உம்மட மனுசன்தானே சைவம். நீர் ஈரோட்டில மீன் திண்டு வளந்த ஆள்தானே."

அது உண்மைதான். காதலித்துக் கட்டிக்கொண்ட கும்பகோணத்துக்காரருக்காக வீட்டில் மீன் சமைப்பதை விட்டிருந்தேன். ஆசை வந்தால் அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

தூண்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தோம். நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. நான்கு துண்டுகளாகக் கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய கோல். தடித்த மஞ்சள் நிறக் கயிறு சுற்றிய ஒரு சக்கரம். சின்ன டப்பா ஒன்றில் இறகும் நூலும் வைத்துக் கட்டிய முட்கள், ஒவ்வொன்றும் பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ இருந்தது. இதற்குப் பெயர் ஃப்ளை ஃபிஷிங். புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். இறகைக் காட்டி மீனை ஏமாற்றும் வேலை. கூடவே ஒரு நாள் இலவசப் பயிற்சிக்கான அட்டையும் இருந்தது.

"புழு இல்லங்கிறது நல்லது" என்றார் கணவர். அவ்வளவுதான். எல்லாவற்றையும் கராஜில் பழைய சூட்கேஸ்களுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

வருடம் முடியப் போனபோது அந்த அட்டையும் காலாவதியாகப் போவதாக மின்னஞ்சல் வந்தது. நான் அப்போது இரவு வேலை முடித்து வந்து பகலில் தூக்கம் வராமல் கிடந்த நாட்கள். இலவசமாக வந்ததை விட மனமில்லாமல் ஒரு சனிக்கிழமை காலை போனேன். ஒரு பூங்காவின் புல்வெளியில் பயிற்சி. தண்ணீரே இல்லை. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் முடிச்சு ஒன்றைக் கட்டிக் கொடுத்தாள்.

கோலைப் பின்னால் வீச வேண்டும். காதுப் பக்கம் வந்ததும் கையை நிறுத்த வேண்டும். முதுகுக்குப் பின்னால் கயிறு முழுதாக நீளும் வரை காத்திருக்க வேண்டும். பிறகுதான் முன்னால் வீச வேண்டும். எனக்குக் காத்திருக்க வரவில்லை. கயிறு தலையிலும் தோளிலும் சுற்றிக்கொண்டது. அரை மணி நேரம் கழித்து, நான் வேலையில் நோயாளிகளிடம் ஓயாமல் சொல்லும் ஒன்றை எனக்கே சொல்லிப் பார்த்தேன். மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க. பிடிக்கும் இடத்தில் கை நின்றது. விடும் இடத்தில் கயிறு எனக்கு முன்னால் நேராகப் போய்ப் புல்லின் மேல் சத்தமில்லாமல் படுத்தது.

அன்று பகல் படுத்தவள் சாயங்காலம் வரை தூங்கினேன். மகள் வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம், மூச்சு வருகிறதா என்று.

*

எங்கள் வீடு ஒனிஹங்காவில். சமையலறை ஜன்னலில் கடல் தெரியாது. ஆனால் மானுகாவ் துறைமுகத்தில் தண்ணீர் வற்றும்போது அந்தச் சேற்று வாசனை வீட்டுக்குள் வரும். அந்தத் தண்ணீரில் கஹவாய் என்று ஒரு மீன் உண்டு. முதுகு பச்சை நீலம், வயிறு வெள்ளி. முழங்கை நீளம் வளரும். அலை ஏறும்போது, அதாவது வற்றிய தண்ணீர் கரைக்குத் திரும்பும்போது, சின்ன மீன்களை விரட்டிக்கொண்டு பக்கத்தில் வரும். அதைப் பிடிக்க உரிமம் எதுவும் வேண்டாம். ட்ரவுட் என்கிற நன்னீர் மீனைப் பிடிக்கத்தான் உரிமம், ஆறு, நீண்ட பயணம் எல்லாம். எனக்கோ நேரமே இல்லை. ஆகவே கஹவாய்தான் என்று முடிவு செய்தேன்.

காலை வேலை மூன்றரைக்கு முடியும். மகளைப் பள்ளிக்குப் பிறகான காப்பகத்திலிருந்து ஆறு மணிக்குள் கூட்டிவர வேண்டும். இடையில் கிடைப்பதுதான் என் நேரம். அதற்குள் அலையும் ஏற வேண்டும், காற்றும் அடங்க வேண்டும். மாதத்தில் இரண்டு நாள் எல்லாம் ஒத்துவந்தால் பெரிய விஷயம். எங்களுக்கு இருப்பது ஒரே கார். கணவர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. நான் வேலை முடிந்து ரயிலில் ஒடாஹுஹு ஸ்டேஷன் வரை வந்து நிற்பேன். அவர் தூண்டிலைக் காரில் போட்டுக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொள்வார். கடற்கரையில் காரை நிறுத்திவிட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். சென்னையில் அப்போதுதான் அலுவலகம் தொடங்கும் நேரம். அவர் குழுவில் பாதிப் பேர் அங்கே. மீதிப் பேர் வெலிங்டனில். தினமும் அந்த நேரத்துக்கு ஒரு கூட்டம் நடக்கும். அவர் பேசிக்கொண்டிருப்பார், நான் வீசிக்கொண்டிருப்பேன்.

தண்ணீர் அவருக்குப் பிடிக்காது. கடலில் கால் நனைத்தால் மணல் ஒட்டும் என்பார். காரின் கண்ணாடியைக்கூட இறக்க மாட்டார். முதல் சில மாதங்கள் எனக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் காருக்குத் திரும்பி வரும்போது, கூட்டத்தை மியூட்டில் போட்டுவிட்டுப் புருவத்தை மட்டும் உயர்த்துவார். நான் தலையை ஆட்டுவேன். அவர் மறுபடி பேசத் தொடங்குவார்.

*

சேற்றில் மாட்டிக்கொண்டது ஒரு மே மாதத்தில், இங்கே குளிர் தொடங்கும் நேரம். மாங்கெரே பாலத்துக்கு மேற்கே போயிருந்தோம். தூரத்தில் கடல்பறவைகள் தண்ணீருக்குள் பாய்ந்து பாய்ந்து எழுந்தன. அடியில் மீன் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். கரையிலிருந்து நீண்டுபோன ஒரு சிப்பி மேட்டின் மேல் நடந்தேன். கெட்டியான தரை. மேடு முடிந்த இடத்திலிருந்து வீசினால் பறவைகளுக்குப் பாதி தூரம்தான் எட்டியது. இன்னும் நாலடி போனால் போதும் என்று தோன்றியது. இறங்கினேன்.

முதல் அடியில் கணுக்கால். இரண்டாவதில் முழங்கால். காலை இழுக்க மற்றக் காலை ஊன்றினேன், அது தொடை வரை போய்விட்டது. நான் போட்டிருந்தது முழங்கால் வரை வரும் புது ரப்பர் பூட்ஸ். அதற்குள் சேறு இறங்கி இரண்டு கால்களையும் பிடித்து வைத்துக்கொண்டது. அலை ஏறத் தொடங்கியிருந்தது. வேகமாக இல்லை. மெதுவாக, சின்னச் சின்ன நுரையோடு, என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கத்தினேன். எதிர்க்காற்று. கார் தூரத்தில் நின்றது. கோலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். காருக்குள் அவர் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. அவரும் கையை ஆட்டினார். பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கடைசியில் எனக்கு மீன் கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

மேல்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. "மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்" என்று தானாகப் போகும் குறுஞ்செய்தி வந்தது. மறுபடி அழைத்தேன். எடுத்தார்.

"மீன் கிடைச்சிருச்சா?" என்றார்.

"சேத்துல மாட்டிக்கிட்டேன். கால் வரல. தண்ணி ஏறுது."

அதன் பிறகு நடந்ததைக் குழுவில் இருந்தவர்கள் சொல்லித்தான் நாங்கள் முழுதாகத் தெரிந்துகொண்டோம். "என் பொண்டாட்டி சேத்துல மாட்டிக்கிட்டா" என்று அவர் தமிழிலேயே சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பக்கத்து இருக்கையில் போட்டிருக்கிறார். சென்னையில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் வெலிங்டன்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கேமராவில் காரின் கூரையும் திறந்துகிடந்த கதவின் ஒரு ஓரமும் மட்டும் தெரிந்ததாம். காற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம். ஒருவர்கூடக் கூட்டத்தை விட்டுப் போகவில்லை.

எனக்குத் தெரிந்தது, அவர் காரின் கால்மிதி ரப்பர்களை எல்லாம் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி வருவது மட்டும். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. சிப்பி மேட்டின் நுனியில் செருப்பைக் கழற்றி எறிந்தார். ஒரு மிதியைச் சேற்றின் மேல் போட்டார். அதன் மேல் மண்டியிட்டு அடுத்ததைப் போட்டார். கடைசி மிதியில் வயிறு பட அப்படியே படுத்தார். வீட்டிலிருந்து வேலை என்றாலும் கேமராவுக்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"அசையாத. காலை இழுக்காத."

"பின்ன என்ன பண்றது?"

"பின்னாடி சாஞ்சு உக்காரு. சேத்து மேலயே உக்காரு. ஒரு காலை மட்டும் மெதுவா ஆட்டி ஆட்டி எடு."

"பூட்ஸ் வர மாட்டேங்குது."

"பூட்ஸ விடு. காலை மட்டும் எடு."

"புது பூட்ஸ்."

"பூட்ஸ விடுடி."

விட்டேன். ஒரு கால் வெளியே வந்தது. தண்ணீர் அப்போது என் இடுப்பை நனைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரே சேற்றைக் கொஞ்சம் இளக்கியது போல. அவர் என் தோள்பட்டைகளைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது கால் வர அதிக நேரம் ஆனது. அது வந்ததும் அவர் மேல் மல்லாந்து விழுந்தேன். மேட்டுக்குத் தவழ்ந்தே வந்தோம். கோலை நான் விடவில்லை என்பதைக் கரைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

அவருக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டேன். கார் நிறுத்தும் இடத்தில், சேற்றில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் மற்றவர்கள் பேசும்போதெல்லாம் படிக்க வேறு எதுவும் இல்லாமல் அதையே மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தாராம்.

காருக்கு வந்ததும் அவர் வெளியில் நின்றபடியே லேப்டாப்புக்கு நேராகக் குனிந்தார். தலையிலிருந்து சேறு சொட்டியது. சென்னையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அண்ணா, அக்கா வெளிய வந்துட்டாங்களா?"

"வந்துட்டா."

நான் பின்னாலிருந்து கையைக் காட்டினேன். சின்னச் சதுரங்களில் இருந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்தன. வெலிங்டனில் இருந்த அவருடைய மேலாளர், இன்றைக்குக் கூட்டம் போதும், வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் குளியுங்கள் என்றார்.

வீட்டுக்குப் போக நேரமில்லை. ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. நேராகக் காப்பகத்துக்குப் போனோம். கதவைத் திறந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மகளைக் கூப்பிட்டாள். மகள் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டு, எங்களைத் தெரியாதவள் போல முன்னால் நடந்து போய்க் காரில் ஏறினாள். பாதி வழியில் ஆங்கிலத்தில் கேட்டாள், அம்மா நீ அழுதாயா என்று. இல்லை என்றேன். அப்பா அழுதாரா என்றாள். "கொஞ்சம்" என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி. அதை நான் கவனித்திருக்கவில்லை.

*

மறுநாள் அவர் முற்றத்தில் கால்மிதிகளைப் பரப்பி ஹோஸ் பைப்பால் கழுவிக்கொண்டிருந்தார். நான் தூண்டிலைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்து உறையில் போட்டேன்.

"இனிமே போகல" என்றேன்.

"ஏன்?"

"இவ்வளவு கூத்துக்கு அப்புறமுமா?"

அவர் பைப்பைத் தரையில் போட்டார். "நீ போயிட்டு வர்ற அன்னைக்குத்தான் தூங்குற. மத்த நாள் எல்லாம் புரண்டுக்கிட்டே இருக்க. நான் பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? மீனுக்காகவா நான் அங்க வந்து உக்காந்திருக்கேன்?"

அவர் அதை அதற்கு முன் சொன்னதே இல்லை. நான்தான் கெஞ்சி அவரை இழுத்துப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பைப்பை எடுத்து மிச்ச மிதிகளை நான் கழுவினேன்.

வேலையில் அக்காவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"உமக்கென்ன, விசர் பிடிச்சிட்டுதே? நீந்தத் தெரியுமே முதல்ல?"

"தெரியாது அக்கா."

"அவருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"நல்ல சோடி. ரெண்டு பேரும் நீந்தத் தெரியாம கடலுக்குள்ள போய்ப் படுத்துக் கிடந்திருக்கிறியள்." கையில் இருந்த, கதிர் படாமல் காக்கும் ஈய அங்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். "வியாழக்கிழமை பின்னேரம் என்னோட வாரும். பொம்பிளையளுக்கு மட்டும் எண்டு ஒரு நீச்சல் வகுப்பு நடக்குது. நானும் நாப்பதுக்குப் பிறகுதான் பழகினனான். நீந்தப் பழகும் வரைக்கும் தண்ணிப் பக்கம் போகப்படாது. விளங்குதே?"

"வியாழக்கிழமை எனக்கு லேட் ஷிஃப்ட்."

"அதை மாத்துவம். ஆரோடயாவது மாத்துவம். நீர் வாரும்."

மாற்றினார். எங்கள் பிரிவில் யார் யாருக்கு எந்த நாள் வசதிப்படும், யார் யாருக்கு எப்போது உதவி செய்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுவதும் வியாழக்கிழமைகளில் நீச்சல் குளத்துக்குப் போனேன். முழுக்கை உடுப்புப் போட்டுக்கொண்டு, ஆழம் குறைந்த பக்கத்தில், சமோவா நாட்டு அம்மாக்களுக்கும் ஃபிஜி இந்தியப் பெண்களுக்கும் நடுவில் நின்று முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கக் கற்றுக்கொண்டேன். அக்கா அடுத்த பாதையில் நிதானமாக நீந்திப் போய்த் திரும்பி வருவார். ஒருநாள் நான் மறுமுனையைத் தொட்டேன். தொட்டு நிமிர்ந்தபோது, யாரென்றே தெரியாத ஒரு பெரிய அம்மா என் முதுகில் தட்டி ஒரு பாட்டின் ஓர் அடியைப் பாடினார். எந்த மொழி என்று தெரியவில்லை. தூண்டில் வந்திருக்காவிட்டால் நான் இந்த வயதில் நீந்தப் பழகியிருக்க மாட்டேன்.

*

வசந்தம் வந்து பொழுது நீண்டதும் மறுபடி போனோம். இந்த முறை அக்காவும் வந்தார். இடத்தையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். ஒனிஹங்காக் கரையில், சேறே இல்லாத, பெரிய கற்கள் அடுக்கிய இடம். அவருக்கு அன்று விடுமுறை. ஒரு மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க்கில் இஞ்சித் தேநீர், ஒரு ஐஸ் பெட்டி, துணியில் சுற்றிய கத்தி எல்லாம் கொண்டுவந்திருந்தார்.

"ஐஸ் பெட்டி எதுக்கு அக்கா? இதுவரைக்கும் ஒண்ணுகூடக் கிடைச்சதில்ல."

"நான் வந்திருக்கிறன்தானே."

கணவர் வழக்கம் போலக் காரில் உட்கார்ந்து கூட்டத்தில் இருந்தார். ஆனால் இப்போது கண்ணாடியை இறக்கியிருந்தார். சேற்றுச் சம்பவத்துக்குப் பிறகு அந்தக் குழுவுக்கு நான் சொந்தக்காரி ஆகிவிட்டேன். கூட்டம் தொடங்கும்போதே, அக்கா இன்னைக்கு எங்க நிக்கிறாங்க, கல்லுலயா மண்ணுலயா என்று விசாரிப்பார்களாம்.

அலை ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளை இறகு கட்டிய ஒரு முள்ளை வீசி, கயிற்றைக் கையால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து முறை வீசியிருப்பேன். இழுத்த கை திடீரென்று நின்றது. கல்லில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். கல் ஓடத் தொடங்கியது.

சக்கரம் கத்தியது. காலடியில் கிடந்த மஞ்சள் கயிறு எல்லாம் வழிந்து போய், சக்கரத்தின் அடியில் இருந்த, நான் இதுவரை பார்த்தே இராத வெள்ளை நூல் வெளியே வந்தது. நான் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இழுக்காதையும், ஓட விடும்," என்றார் அக்கா பின்னாலிருந்து. அவர் வாழ்நாளில் தூண்டில் பிடித்ததில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். ஓடியது. நின்றது. சுற்றினேன். மறுபடி ஓடியது. நீருக்கு மேல் முழு உடம்பும் எழும்பி விழுந்தது. கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

கடைசியில் அது களைத்துக் கற்களுக்கு இடையில் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. அக்கா குனிந்து வாலைப் பிடித்துத் தூக்கினார். பச்சை முதுகில் சின்னச் சின்னப் புள்ளிகள். என் முழங்கையைவிட நீளம். நான் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என் முகத்தைப் பார்த்து அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"நீர் என்ன யோசிக்கிறீர் எண்டு தெரியும். அடுத்ததை விடும். இது எனக்கு. இவ்வளவு நாளும் பொறுத்திருந்தனான்."

நான் தலையாட்டினேன். அவர் ஒரே அடியில் அதன் துடிப்பை அடக்கினார்.

அதற்குள் கணவர் லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு கற்களின் மேல் தடுமாறித் தடுமாறி வந்துவிட்டார். குழு முழுவதும் மீனைப் பார்க்க வேண்டுமாம். என் கையில் கோலும் கயிறும், அக்காவின் கையில் கத்தி. ஆகவே அவரே லேப்டாப்பை நாற்காலியில் வைத்துவிட்டு, தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மீனை வாங்கினார். இரண்டு விரல்களால் வாலைப் பிடித்து, கையை முழுதாக நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேமராவுக்குக் காட்டினார். சென்னையிலும் வெலிங்டனிலும் கைதட்டினார்கள். அந்தக் காட்சியை யாரோ படம் பிடித்துவைத்து, அவருடைய அடுத்த பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நியூ லின்னில் அக்கா வீட்டில் சாப்பாடு. புளி போட்டு ஒரு குழம்பு, தேங்காய்ப்பாலில் ஒரு சொதி, மீதியில் பொரியல். கணவருக்குத் தனியாகக் கத்தரிக்காய்க் கறியும் பருப்பும் தனி அடுப்பில், தனிக் கரண்டியில் செய்து வைத்திருந்தார். அவர் கேட்கவில்லை. அக்காவாகவே செய்தார். என் தட்டில் நடுத்துண்டைப் போட்டுவிட்டு, "உம்மட மீன், சாப்பிடும்," என்றார். மகள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

*

அதற்குப் பிறகு நிறைய முறை போயிருக்கிறேன். எண்ணிக்கை தெரியாது. பெரும்பாலும் வெறுங்கை. சில நாட்களில் கோலைப் பொருத்தி முடிப்பதற்குள் மழை வந்துவிடும். ஒருமுறை கயிறு தண்ணீரைத் தொட்டதும் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது, அன்று வேலைக்கு வர வேண்டிய யாரோ நோயில் விழுந்துவிட்டார்கள், வர முடியுமா என்று. போனேன். எனக்காக எத்தனையோ பேர் அப்படி வந்திருக்கிறார்கள்.

போன குளிர்காலத்துக்கு முன்புதான் முதல் முறையாக ட்ரவுட்டுக்கு உரிமம் வாங்கினேன். ஹுனுவா மலைப் பக்கம் ஓர் ஓடை, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். எனக்கு அன்று மாலை வேலை. காலைப் பொழுது மட்டும் எங்களுடையது. கணவர் லேப்டாப்பைக் கொண்டுவரவில்லை. கரையில் ஒரு மரத்தடியில் கம்பளி விரித்து, ஒரு தலையணையும் வைத்துக்கொண்டு படுத்தார்.

நான் ஓடையில் இறங்கி மேல் நோக்கி நடந்தேன். முழங்கால் அளவுத் தண்ணீர், எலும்பு வரை குளிர். அடியில் கூழாங்கல், கெட்டியான தரை. பனைமரம் போல இருக்கும் பெரிய பெரணி மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்திருந்ததால் பின்னால் வீச இடமே இல்லை. பாதி நேரம் இலையிலிருந்து முள்ளைக் கழற்றுவதிலேயே போனது. ஒரு வளைவில், பாறைக்குப் பின்னால் நீர் அசையாமல் கிடந்த இடத்தில், பூச்சி மாதிரிக் கட்டிய ஒரு சின்ன முள் எப்படியோ சரியாகப் போய் உட்கார்ந்தது. மிதந்தது. காணாமல் போனது.

சின்ன மீன்தான். கஹவாய் மாதிரி இழுக்கவில்லை. கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே பிடித்தேன். பக்கவாட்டில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு. முள்ளைக் கழற்றியதும் என் உள்ளங்கையில் சற்று நேரம் அப்படியே நின்றது, போகலாம் என்று தெரியாதது போல. பிறகு போய்விட்டது. அங்கே யாரும் இல்லை. யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கால் மரத்துப்போகும் வரை நின்றேன்.

திரும்பி வந்தபோது அவர் கம்பளியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். உப்புமா, எலுமிச்சை ஊறுகாய்.

"கிடைச்சுதா?"

"ஒண்ணு. விட்டுட்டேன்."

"பெருசா?"

கையால் அளவு காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றார். எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கை கழுவினாயா என்று கேட்கவில்லை. உப்புமா இன்னும் லேசாகச் சூடாக இருந்தது. மூடியில் எனக்கும் டப்பாவில் அவருக்குமாகப் பிரித்து வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் கம்பளியை உதறி மடித்தோம். இரண்டரைக்கு நான் வேலையில் இருக்க வேண்டும். அவர் காரை எடுத்தார். பாதி வழி வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். மருத்துவமனை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே போக இன்னும் நேரம் இருக்கிறது என்று அவர் என்னை எழுப்பாமல் விட்டிருந்தார்.